மஞ்சள் புள்ளி ஒட்டிய கொட்டை

ஐம்பத்தொரு வயதில் மோகனாவுக்குத் தன் வலது கையை அடக்கத் தெரியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படியே அந்தச் சொற்களில் இல்லை. ‘பிள்ளை வேலையில் இருக்கும்போது ஆசிரியரின் கை குறுக்கிட்டது’ என்று ஆங்கிலத்தில், நீல மையில், ஒரே வரி. மற்றக் கட்டங்களில் எல்லாம் சரி போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் விழுந்த பெருக்கல் குறி அத்தனையையும் சாப்பிட்டுவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். போன நவம்பரில், ரஹாங்கில் ஒரு மூலை வீட்டில் நடக்கும் அந்த மாண்டிசோரி பாலர் பள்ளியில், நான்கு வயது அருண் பாயில் உட்கார்ந்து பட்டன் போடப் பழகிக்கொண்டிருந்தான். மரச்சட்டத்தில் துணி, துணியில் ஐந்து பட்டன். நான்கைப் போட்டுவிட்டான். ஐந்தாவது ஓட்டைக்குள் தலையை நீட்டுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அவன் நாக்கு உதட்டோரம் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டிருந்த மோகனாவின் கை போனது, போட்டது, திரும்பியது. கண் இமைக்கும் நேரம். அருண் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளர் தனலெட்சுமி சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் பெரியவர்களுக்கு ஒரே வேலை. ஒரு முறை செய்து காட்ட வேண்டும், பேசாமல். பிறகு பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தப்பாக அடுக்கினால் அடுக்கியதே அதைக் காட்டிக் கொடுக்கும். ஆசிரியர் வாய் திறக்கத் தேவையில்லை. கையை நீட்டவே கூடாது. மோகனாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். கைக்குத்தான் படிப்பு ஏறவில்லை.

“அக்கா, இன்னும் ஒரே சான்ஸ்தான்,” என்றாள் அர்ச்சனா. பள்ளியை நடத்துபவள். முப்பத்திரண்டு வயது. மோகனா கூட்டித் துடைக்க வந்தவளாக இருந்தபோதே வகுப்பறைக்குள் இழுத்து உதவியாளராக உட்கார வைத்தவள். “மார்ச்சில திரும்பி வருவாங்க. சர்ட்டிபிகேட் இல்லாதவங்க ஏப்ரல்ல இருந்து வகுப்புக்குள்ள இருக்கக் கூடாதுன்னு ஹெட் ஆபீஸ் லெட்டர் போட்டுட்டாங்க. நான் என்னா செய்ய முடியும், சொல்லுங்க.”

“அப்பறம் நான் எங்க இருப்பேன்?”

அர்ச்சனா சமையலறைப் பக்கம் பார்த்தாள். 

பதினோரு வருடம். அந்த வாசலில் அழுதுகொண்டே வந்து, செருப்பைக் கழற்ற மறுத்து, பிறகு ஒருநாள் தானே கழற்றி வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போன பிள்ளைகள் எத்தனை பேர். அந்தத் திரும்பிப் பார்க்காத நிமிடத்துக்காகத்தான் அவள் வேலைக்கு வந்தாள். சமையலறை ஜன்னலில் இருந்து வாசல் தெரியாது.

அந்தக் கை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தேர்வாளரிடம் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால்.

லுக்குட்டைத் தாண்டி உள்ளே போனால் வெள்ளைப்பாறைத் தோட்டம். துரைமார் வைத்த வேறு பெயர் ஒன்று பலகையில் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. அங்கே பஞ்சாலை என்ற மோகனாவின் அம்மா, ஆயாக் கொட்டகையில் ஆயாவாக இருந்தாள். ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிற இடம் அது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, இடுப்பு உயரச் சுவர், சுவருக்கு மேல் மரக் கம்பிகள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. பஞ்சாலையின் கைகள் ஓய்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு கை தொட்டிலை ஆட்டும்போதே மற்றது ஒரு மூக்கைத் துடைக்கும். தட்டைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து, சோற்றை உருட்டி உருட்டி வரிசையாக வாயில் வைத்துக்கொண்டு போவாள். கடைசி வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வாய் திறந்துகொண்டு நிற்கும்.

மோகனாவுக்கு ஏழு வயதிலிருந்து அங்கே பட்டன் வேலை. தன் பள்ளிக்கூட லோரி வருவதற்குள் குளித்துவிட்ட பிள்ளைகளுக்கு எல்லாம் சட்டை மாட்டிப் பட்டன் போட வேண்டும். ஒரு பிள்ளை தானே போடட்டும் என்று காத்திருந்தால் பின்னால் ஏழு பிள்ளை அம்மணமாக நிற்கும்.

“கை ஓடட்டும்டி,” என்பாள் பஞ்சாலை. “வாய் ஓடுற மாதிரி.”

கை ஓடப் பழகியது. பிறகு செனவாங் மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இன்னும் வேகமாக ஓடியது. அங்கே காலர் வைத்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி நுனிகளை ஒட்டினாள். தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனது. கை இங்கேயே நின்றுவிட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ‘வசந்தம்’ என்று எழுதிய பெட்டி வந்து இறங்கியது. மார்ச் மாதத்து அலமாரிக்கு. அர்ச்சனா பிரித்தாள். பிளாஸ்டிக் டியூலிப் பூக்கள், பனி உருகுவதைக் காட்டும் நான்கு படங்கள், கூட்டில் நீல முட்டைகள், முயல்.

“இதுல எது நம்ம ஊருல இருக்கு?” என்று கேட்டாள் மோகனா.

“முயல் இருக்குலா, அக்கா. பெட் கடையில.”

ஐந்து வயது ஷ்வேதா வந்து எட்டிப் பார்த்தாள். டியூலிப் தண்டில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தை நுழைத்து ஒரே இழுப்பில் உரித்து, தன் விரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கண்ணில் ஒட்டியது எதுவும் ஒட்டியபடி இருக்காது. வாழைப்பழத்துச் சீட்டு, தண்ணீர்ப் புட்டிகளின் பெயர்ச் சீட்டு, அர்ச்சனாவின் கைப்பேசி உறையில் இருந்த பிள்ளையார்.

“இவளை மட்டும் இமிகிரேஷன் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க,” என்றாள் அர்ச்சனா. “பாஸ்போர்ட் பூரா வெள்ளையா ஆயிடும்.” பிறகு மோகனாவிடம் திரும்பி, “அக்கா, தேர்வுக்கு நீங்க உங்க சொந்த ஷெல்ப் வைக்கலாம். அது ரூல்ல இருக்கு. தலைப்பு மட்டும் மாத்தக் கூடாது. வசந்தம்.”

மோகனா அன்று முழுக்க யோசித்தாள். வசந்தம் என்று ஒன்று அவளுக்கும் இருந்தது. அதற்கு அந்தப் பெயர் இல்லை. எலை கொட்டுற காலம் என்பார்கள்.

சீனப் பெருநாள் வெடிச்சத்தம் ஓய்ந்ததும் அது தொடங்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்த ரப்பர் இலைகள் மஞ்சளாகும், செம்மஞ்சளாகும், ரத்தச் சிவப்பாகும். பிறகு ஒரு காற்றில் எல்லாம் இறங்கும். வருடம் பூராவும் இருட்டாகவே இருக்கிற காட்டுக்குள் திடீரென்று வானம் தெரியும். கொட்டகைத் தரையில் வெயில் கட்டம் கட்டமாக விழும். தொட்டில் பிள்ளைகள் அதைப் பிடிக்கக் கை நீட்டும். மொட்டைக் கிளைகளில் செம்பு நிறத்தில் துளிர். அதற்குப் பின்னால் பூ. மஞ்சளாகப் பொடிப் பொடியாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத பூ. ஆனால் காலை நேரத்தில் அதன் தேன் வாசம் லயத்து வீடுகளின் அடுப்படி வரைக்கும் வரும். மரங்கள் அப்போது பால் கொடுக்காது. பெரியவர்களுக்கு அது ஒட்டிய வயிற்று மாதம். பிள்ளைகளுக்கு வேறு கணக்கு: அம்மா சீக்கிரம் வந்துவிடுவாள்.

“ஞாயித்துக்கெழம வெள்ளப்பாறைக்குப் போவணும்,” என்றாள் கணவனிடம்.

ரவிச்சந்திரன் போர்டிக்சன் எண்ணெய் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்கு என்று படைக்கப்பட்டது என்ற நம்பிக்கை உள்ளவன். “அங்க என்னா இருக்கு? செம்பன மரந்தான்.”

“எல பொறுக்கணும்.”

“எலயா?” அவன் எழுந்து உட்கார்ந்தான். “ஐம்பது வயசுல பரீட்ச. அதுக்கு எல பொறுக்குற ஹோம்வொர்க். உன்ன கட்டிக்கிட்டு நான் திரும்பி ஸ்டாண்டர்ட் ஒன்னுக்குப் போறேன் பாத்துக்கோ.”

போனார்கள். லுக்குட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். அங்கிருந்து உள்ளே, இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. எண்பத்தெட்டில் ஒரு டிவிஷன், தொண்ணூற்றாறில் மிச்சம் எல்லாம் என்று ரப்பர் போய்விட்டது. மாரியம்மன் கோவில் மட்டும் இருந்தது, புதுப் பெயிண்டில். கோவில் நிலத்தில் யாரும் கை வைக்காததால் அதன் பின்னால் மூன்று கிழட்டு ரப்பர் மரங்களும் இருந்தன. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். இலைகள் பாதி சிவந்து நின்றன.

மோகனா தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆளு விழுந்துறப் போற,” என்றான் ரவிச்சந்திரன். அவனே போய் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இலை பொறுக்கினான். நல்லதாகப் பார்த்து, ஓட்டை இல்லாததாக.

அவள் கீழே குனிந்து சருகைக் கிளறினாள். போன ஆகஸ்டில் வெடித்து விழுந்த கொட்டைகள் இன்னும் கிடந்தன. வழவழவென்று, பழுப்பில் கறுப்பும் வெள்ளியும் தெளித்த மாதிரி. ரப்பர் கொட்டை பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. நிரை பிடித்து நட்ட ஒட்டுமரங்களின் கொட்டைகளுக்கு எல்லாம் ஒரே முகம்; அதில் சுவாரசியம் கிடையாது. விதை போட்டு முளைத்த பழைய மரங்கள் அப்படியல்ல. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முகம். எந்த மரத்துக் கொட்டையை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவார்கள். கோவில் மரத்துக் கொட்டையில் குறுக்கே மூன்று கோடு இருக்கும். அதற்குப் பூசாரி என்று பெயர். ஆற்றோரத்து மரத்தினுடையது பாம்பு. கொட்டகைக்குப் பின்னால் நின்ற மரத்தினுடையது புள்ளிபுள்ளியாக இருக்கும். அது ஆயா. கையில் இருக்கும் கொட்டைகளைக் கலந்து போட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜோடி சேர்க்க வேண்டும். தோற்றவர் கையில், சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றிய கொட்டையை வைப்பார்கள்.

ஜோடி சேர்ப்பது. பாலர் பள்ளியில் அதற்கு வண்ணத் தகடுகள், மணிகள், துணிகள் என்று எத்தனை தட்டுகள். மோகனா சருகின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டகை இருந்த இடத்துக்கும் போனார்கள். சிமெண்டுத் தரை மட்டும் செம்பனைகளுக்கு நடுவே கிடந்தது. பின்னால் நின்ற பெரிய மரம் இல்லை. அதன் இடத்துக்குப் பக்கத்தில், யாரும் நடாமல் தானே முளைத்த ரப்பர் மரம் ஒன்று ஒல்லியாக நின்றது. அதற்கடியில் ஏழெட்டுக் கொட்டைகள்.

“இது ஆயா மரத்தோட பிள்ள,” என்றாள் மோகனா.

“பர்த் சர்ட்டிபிகேட் பாத்தியா?”

“சும்மா இருங்க.”

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் அவர்கள் வெள்ளைப்பாறையை விட்டுப் போனார்கள். லோரியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. எல்லோரும் ஏறியும் ஆகிவிட்டது. பஞ்சாலை மட்டும், “மாரியாத்தாகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்,” என்று கோவிலுக்குப் போனாள். திரும்பியபோது ஒரு கையை மூடி வைத்திருந்தாள். “என்னாம்மா கையில?” என்று மோகனா கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல,” என்றாள். திருநீறாக இருக்கும் என்று மோகனா நினைத்தாள். லோரி லுக்குட் தாண்டியும் யார் நெற்றியிலும் அவள் திருநீறு பூசவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் பஞ்சாலை இறந்த பிறகு, அவளுடைய பட்டன் டின்னுக்குள் ஒரே ஒரு ரப்பர் கொட்டை கிடந்தது. பட்டன்களோடு உராய்ந்து, அழுக்கேறி, கறுத்துப் போயிருந்தது. மோகனா அதைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டாள்: கொட்டகை மரத்தோடது. அம்மா வேறு எந்த மரத்துக் கொட்டையை எடுத்து வைத்திருக்கப் போகிறாள்? இருபத்தாறு வருடம் அவள் நின்றது அந்த மரத்து நிழலில்தானே. ஒருமுறை சொன்ன பிறகு அவள் திரும்ப உற்றுப் பார்க்கவில்லை. கழுவவும் மனம் வரவில்லை.

அந்தக் கொட்டையையும் அவள் தட்டில் வைத்தாள்.

மார்ச்சில் அலமாரி தயாரானது. தொலைபேசிப் புத்தகத்தில் வைத்து அழுத்திய இலைகள் ஏழு, வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை அடுக்க. ஒரு கூடை சருகு, அதைத் தரையில் வரைந்த வட்டத்துக்குள் கூட்டிச் சேர்க்கக் கைக்கு அடக்கமான துடைப்பம். ஈரப் பஞ்சில் பாசிப்பயறு. பூ வைக்கச் சின்னக் கண்ணாடிக் குப்பி, அதற்குத் தண்ணீர் ஊற்றப் புனலும் குவளையும். ரவிச்சந்திரன் வேலைக்குப் போகும் வழியில் எவனோ ஒருவனுடைய தோட்டத்தில் கேட்டு ரப்பர்ப் பூங்கொத்து வாங்கி வந்தான். கொட்டையைத் துடைத்து மினுக்க ஒரு துண்டு மஞ்சள் துணி. மேல் தட்டில், சின்னப் பிள்ளைகளின் வாய்க்கு எட்டாத உயரத்தில், ஆறு ஜோடிக் கொட்டைகள்; வெள்ளைப்பாறையில் பொறுக்கியவற்றோடு அவன் அந்தத் தோட்டத்தில் பொறுக்கி வந்தவையும். அடிப்பக்கத்தில் வண்ணப் புள்ளிகள் ஒட்டியிருந்தாள். ஜோடி சேர்த்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், ஒரே நிறமாக இருந்தால் சரி. தப்பென்றால் புள்ளியே சொல்லிவிடும். பூசாரி இரண்டுக்கும் சிவப்பு. அம்மாவின் கொட்டைக்கும் கொட்டகைப் பக்கத்து ஒல்லி மரத்துக் கொட்டைக்கும் மஞ்சள்.

அர்ச்சனா வந்து பார்த்துவிட்டு வாசம் பிடித்தாள். “இது என்னா ஸ்மெல், அக்கா? தேன் மாதிரி.”

“எலை கொட்டுற காலம்,” என்றாள் மோகனா.

தேர்வு ஒரு புதன்கிழமை. தனலெட்சுமி போன முறை உட்கார்ந்த அதே மூலையில், அதே நாற்காலியில். அறுபது வயதிருக்கும். காட்டன் சேலை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி, மடியில் தாள் அட்டை. “குட் மார்னிங், மோகனா,” என்றார். 

பிள்ளைகள் வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். அருண் நேராகத் துடைப்பத்திடம் போனான். வட்டத்துக்குள் கூட்டிய இலைகளை மறுபடியும் வெளியே உதைத்துத் தள்ளி, மறுபடியும் கூட்டினான். மூன்று முறை. மோகனா கைகளைப் பின்னால் கட்டி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளை புனலுக்கு வெளியே தண்ணீர் ஊற்றி, தானே போய்த் துணி எடுத்து வந்தது. மணிக்கட்டு ஓர் இழுப்பு இழுத்து அடங்கியது.

ஷ்வேதா மேல் தட்டை எடுத்தாள்.

பாயை விரித்தாள். பன்னிரண்டு கொட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் மினுங்குகிறது, ஒன்று மட்டும் கறுத்துக் கிடக்கிறது என்பதைக் கண்டதும் எழுந்து போய் மஞ்சள் துணியைக் கொண்டுவந்தாள். தேய்த்தாள். ஊதினாள். மறுபடியும் தேய்த்தாள். அம்மாவின் டின்னில் இருந்த கொட்டை. மோகனா வாய்க்குள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு ஜோடி. பாம்பு மாதிரி நெளிகோடு விழுந்தவை இரண்டும் சேர்ந்தன. திருப்பினாள்: நீலம், நீலம். வைத்தாள். அடுத்தது: பச்சை, பச்சை. இப்படி நான்கு ஜோடி. மிச்சம் நான்கு கொட்டை. ஒரு பூசாரியை எடுத்தாள். அதன் பக்கத்தில் அம்மாவின் கொட்டையை வைத்தாள். திருப்பினாள். சிவப்பு, மஞ்சள்.

தப்பு.

தனலெட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஷ்வேதா புள்ளிகளைப் பார்த்தாள். கொட்டைகளைப் புரட்டி முகத்தைப் பார்த்தாள். மறுபடி அடிப்பக்கம். இன்னொரு பூசாரியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூன்று. மீதி ஒன்று தனியாகக் கிடந்தது. அதை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்து வைத்து எடுத்தாள். நாக்கு உதட்டோரம் வெளியே வந்துவிட்டது.

அதுவும் அதுவுந்தான் ஜோடி, கண்ணு. மஞ்சளும் மஞ்சளும். மோகனாவின் தொண்டையில் அந்த வாக்கியம் முழுதாக வந்து நின்றது. ஒரே ஒரு விரல் போதும். அந்த ஒற்றைக் கொட்டையை ஒரு சாண் நகர்த்தினால் முடிந்தது. பிள்ளை சிரித்துவிடும். கொட்டகையில் இந்நேரம் ஏழு பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டியாகியிருக்கும். வலது கை முழங்கையிலிருந்து துடித்தது. இடது கை நகங்கள் மணிக்கட்டில் இறங்கின. அவள் விடவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிற்று.

ஷ்வேதா அம்மாவின் கொட்டையைத் திருப்பி, நகத்தை நுழைத்து, மஞ்சள் புள்ளியை ஒரே இழுப்பில் உரித்தாள். அதைத் தன் சுண்டுவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டாள். மூன்று கொட்டைகளையும் நெருக்கமாக ஒரு வரிசையில் வைத்தாள். நான்காவதை எட்டத்தில், தனியே வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் தட்டில் அள்ளி, பாயைச் சுருட்டி, தட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் வெளியே விளையாடப் போன பிறகு தனலெட்சுமி அலமாரியருகே வந்தார். தட்டை இறக்கி மேசைமேல் வைத்தார்.

“அந்தப் பொண்ணு மெட்டீரியலைக் கெடுத்திருச்சு. நீங்க தடுக்கலையே, ஏன்?”

அர்ச்சனா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ‘ஸ்டிக்கர் உரிக்கிறது அவ பழக்கம்’ என்று சொல்லுங்கள் என்பதுபோல உதட்டை அசைத்தாள். அது உண்மையும்கூட.

மோகனா புள்ளி போன கொட்டையைக் கையில் எடுத்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்தாள். துணி பட்ட இடத்தில் அழுக்கு விலகியிருந்தது. குறுக்கே மூன்று கோடு. தேய்ந்து போயிருந்தாலும் மூன்று. ஓரத்தில் கறுப்புத் திட்டு. அவள் பூசாரி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒல்லி மரத்துக் கொட்டையை. அதில் கோடும் இல்லை, நினைத்த மாதிரி புள்ளியும் இல்லை. அதற்கு அதன் முகம்.

“அவ கெடுக்கல, மேடம்,” என்றாள்.  “நான்தான் தப்பா ஒட்டிட்டேன். இது மூணும் ஒரே மரம். இது வேற.”

“அப்ப, பிள்ளை தப்புப் பண்ணினா காட்டிக்கொடுக்க வேண்டிய புள்ளியே தப்பு.”

“ஆமா, மேடம்.”

“அது ரொம்பப் பெரிய தப்பு. தெரியும்ல?”

“தெரியும்.”

தனலெட்சுமி மூன்று கொட்டைகளையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனார். “நான் ரஹாங் டவுன் பொண்ணு. ரப்பர் மரம் பஸ் ஜன்னல்ல பாத்ததோட சரி. எல்லாக் கொட்டையும் ஒண்ணுன்னுதான் இத்தன வருஷம்...”  ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற எட்டையும் மேசையில் கொட்டி, கலைத்து, புள்ளியைப் பார்க்காமல் ஜோடி சேர்க்கத் தொடங்கினார். இரண்டாவது ஜோடியில் மாட்டிக்கொண்டார். பாம்புக்குப் பக்கத்தில் வேறு எதையோ வைத்தார்.

மோகனாவின் கை பின்னாலேயே இருந்தது.

தனலெட்சுமி நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு வரலாமா என்று யோசிப்பது தெரிந்தது. “கையைக் காட்டுங்க,” என்றார்.

மோகனா நீட்டினாள். மணிக்கட்டில் நான்கு நகத் தடங்கள் பிறை பிறையாகச் சிவந்திருந்தன. தனலெட்சுமி அதைப் பார்த்தார். தாள் அட்டையை எடுத்து ஏதோ எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

“ஏப்ரல் கிளாசுக்கு முந்தி அந்தப் புள்ளியைச் சரி பண்ணிடுங்க,” என்றார்.

அவர் கார் ஏறும்வரை அர்ச்சனா ஒன்றும் செய்யவில்லை. ஏறியதும் மோகனாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. “அக்கா, வெயிட்லா!” என்று கத்தினாள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோர்கள் வந்தார்கள். ஷ்வேதா தன் அப்பாவிடம் சுண்டுவிரலை நீட்டிக் காட்டிக்கொண்டே காரில் ஏறினாள். மஞ்சள் புள்ளி இன்னும் இருந்தது.

வகுப்பு காலியானதும் மோகனா குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். முழங்கால் முகவாய்க்கு வந்தது. கோவில் மரம். அம்மா கொட்டகை மரத்தடிக்குப் போகவே இல்லை; மாரியாத்தாளிடம் சொல்லிக்கொண்டு, அந்தக் கிழட்டு மரத்தடியில் குனிந்து ஒன்றை எடுத்து, மூடிய கையோடு லோரியில் ஏறியிருக்கிறாள். திருநீறு என்று நினைத்தது இதுதான். கொட்டகைக்குப் பின்னால் நின்றதை ஏன் எடுக்கவில்லை? ஒருவேளை அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துப்போயிருக்கும். இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே அவளும் எங்காவது ஒரு நிமிடம் கையைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அது கோவில் பக்கமாக இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லை. ஆனால் மரம் இருக்கிறது. போன மாதம் அதனடியில்தான் தலையைச் சாய்த்து நின்றாள். அது இந்த வருடமும் இலையைக் கொட்டிவிட்டு இப்போது துளிர்த்துக்கொண்டிருக்கும்.

நாலரைக்கு ரவிச்சந்திரன் வந்து ஹாரன் அடித்தான். ஹெல்மெட்டை நீட்டினான்.  பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான், “சமயக்கட்டா, வகுப்பா?” என்றான் ரோட்டைப் பார்த்தபடி.

“வகுப்பு.”

அவன் தேவையில்லாமல் இன்னொரு முறை ஹாரன் அடித்தான்.

முச்சந்தியில் சிவப்பு விளக்கு. அவன் இடுப்பைப் பிடித்திருந்தது அவளுடைய இடது கை மட்டுந்தான். வலது கை அவள் மடியில் மூடியிருந்தது.

“கையில என்னா?” என்றான்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் மோகனா.